அறுநூற்று நாற்பத்தொன்பது யூரோ

இல்போ அதை உதைசறுக்கு வண்டியில் வைத்துத்
தள்ளிக்கொண்டு வந்தான்,
மெத்தைப் போர்வை சுற்றி,
நோயாளியைக் கொண்டுவருகிறவன் மாதிரி.
ஓலு நகரத்தில் மார்ச் மாதம். வெளியே மைனஸ் பதினேழு.
"உடனே போடாதே," என்றேன்.
"குளிரிலிருந்து வந்த உடம்பு. உள்ளே வியர்க்கும்."
இரண்டு மணிநேரம் அது என் சமையலறை நடுவில் நின்றது.
காப்பி குடித்தோம். கம்பு ரொட்டி தின்றோம்.
அவன் ரசீதை மூன்று தடவை மடித்தான்,
மூன்று தடவை பிரித்தான்.

தள்ளுபடி விலை. பழைய விலையின் மேல் ஒரு சிவப்புக் கோடு.
அந்தப் பழைய விலைக்கு
யாரும் எப்போதும் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று
சொல்ல வந்தேன்.
சொல்லவில்லை.

பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன்,
மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல.
எனக்கு இது பிழைப்பு இல்லை. பகலில் நான்
ஆஸ்பத்திரி லிஃப்ட்டுகளுக்கு எண்ணெய் போடுகிறவள்.
ஆனாலும் இந்தக் குடியிருப்பில் எவர் கேமிங் பெட்டி வாங்கினாலும்
தீர்ப்புக்கு என்னிடம்தான் வருகிறது.

முகப்பில் நான்கு விசிறி. நான்கும் வானவில்.
முன்னால் முழுக் கண்ணாடி, காற்று வர வழியில்லை.
மூடிய சன்னலுக்கு நேரே உட்கார்ந்து
விசிறிக்கொள்கிறவை.
பிராசசர் போன தலைமுறைக்கும் முந்தியது;
முந்தியது என்பதாலேயே மட்டமில்லை.
மெமரி ஒற்றைக் குச்சி. பக்கத்து இடம் காலி.
இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு.
கிராபிக்ஸ் கார்டு உண்மையானது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.
கடைசியில் அடியில் கையை விட்டு
பவர் சப்ளையைக் கழற்றித் தூக்கிப் பார்த்தேன்.
கைக்கே தெரிந்துவிட்டது.
காலித் தீப்பெட்டி.
யானையை வாங்கிவிட்டு
அங்குசத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

ரசீதின் பின்புறம் கூட்டினேன்.
உதிரி உதிரியாக வாங்கினால் அறுநூற்றுப் பதினொன்று.
வித்தியாசம் முப்பத்தெட்டு.
அந்த முப்பத்தெட்டுக்கு யாரோ இதைப் பூட்டி,
வயர்களைக் கற்றை கற்றையாகக் கட்டி,
கட்டிய வாலை ஒட்ட நறுக்கியிருக்கிறார்.
போன வருஷம் நானே ஒன்று பூட்டினேன்.
மூன்று சனிக்கிழமை போயின.
வளைந்த ஓர் ஊசியால் ஒரு மதர்போர்டும் போனது.
அந்தக் கணக்கை நான் எந்த ரசீதிலும் எழுதவில்லை.

"திருப்பிக் கொடு," என்றேன். "பதினான்கு நாள் இருக்கிறது."
சண்டை விளையாட்டுகளில் நொடிக்கு எத்தனை பிரேம் வரும்,
எங்கே திணறும், எந்த நிழலை அணைக்க வேண்டும்,
எல்லாம் சொன்னேன்.
நல்ல தீர்ப்பு. எனக்கே பிடித்திருந்தது.

இல்போ கேட்டான்:
"லாரி ஓடுமா?"

அவன் நகராட்சிக்குப் பனி தள்ளுகிறவன்.
இரவு இரண்டு மணிக்கு வண்டி எடுத்து
காலை பத்துக்கு வீடு வந்து
படுக்கும்முன் இன்னொரு லாரி ஓட்டுவானாம்,
விளையாட்டில். போர்ச்சுகல் பக்கம்.
ஆரஞ்சுப் பழம் ஏற்றிக்கொண்டு.
"பக்கக் கண்ணாடியில் வெயில் விழும் இல்லையா,
என் பழைய மடிக்கணினியில்
அது வெள்ளைக் கட்டமாகத் தெரியும்.
வெயிலாகத் தெரியணும். அவ்வளவுதான்."

நான் கூட்டிய காகிதத்தைப் பார்த்தேன்.
அதில் வெயில் என்று ஒரு வரி இல்லை.

இழுப்பறையில் ஒரு மெமரிக் குச்சி கிடந்தது,
செத்துப்போன என் பெட்டியினுடையது.
மாட்டினேன். இரண்டாவது மாடும் வந்தது, கொஞ்சம் நொண்டி.
பொத்தானைத் தட்டினோம். நான்கு விசிறியிலும் திருவிழா.
அந்த விளக்குகளை அணைக்க வழியே வைக்கவில்லை.
மஞ்சள் சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே ஒட்டினேன்:
பவர் சப்ளையை மாற்று. கோடைக்கு முன்.

இப்போது நவம்பர். மாற்றவில்லை.
என் கார் நிற்கும் இடத்தில் மட்டும்
பனி எப்போதும் முதலில் தள்ளப்பட்டிருக்கிறது;
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
எதிர்க் கட்டிடம், மூன்றாம் மாடி,
சன்னலில் சிவப்பு, பச்சை, நீலம்.
ஆறு மாதம்கூடத் தாங்காது என்று சொன்னவள் நான்.
வேலைக்குக் கிளம்பும்போது தினமும் அண்ணாந்து பார்க்கிறேன்.
எரிகிறது.
கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.